மாராத்தாள், நஞ்சப்பன், வெள்ளியங்கிரி... கொங்குப் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது?

குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அதற்குள் வீட்டு வாட்ஸ்அப் குரூப் சூடாகிவிடும். ஜோசியர் நட்சத்திரத்துக்கு நாலு எழுத்து சொல்லியிருப்பார். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா ஏதோ ஒரு ஆப்பிலிருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். 'சின்னப் பேரா இருக்கணும்', 'பாஸ்போர்ட்ல ஸ்பெல்லிங் பிரச்சினை வரக்கூடாது', 'வெளிநாட்டுக்காரங்க வாயிலயும் நுழையணும்' என்று ஆளுக்கொரு நிபந்தனை. ஒருவழியாக ஒரு பெயர் தேறும் நேரத்தில், ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஆத்தா மெதுவாகக் கேட்பார்: "ஏங்கண்ணு, என்ற பேரை வெச்சா ஆகாதாக்கு?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஆத்தாவும் சேர்ந்து சிரிப்பார். அவர் பெயர் மாராத்தாள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எழுபது வயதுக்காரர்கள் இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு பெயராவது இருக்கும். நஞ்சம்மாள், குப்பாத்தாள், அருக்காணி, நாச்சிமுத்து, சென்னியப்பன், வெள்ளியங்கிரி... இன்றைய பள்ளி வருகைப் பதிவேட்டில் இவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'பட்டிக்காட்டுப் பேரு' என்று நாம் ஓரங்கட்டிய இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் என்ன? எங்கிருந்து வந்தன?

மாரி என்றால் மழை

மாராத்தாள் என்பது மாரியாத்தாள்தான். பேச்சில் தேய்ந்து மாராத்தாள் ஆனது. மாரி என்றால் மழை. ஆத்தாள் என்றால் தாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி கொங்கு நாடு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, இந்தப் பக்கம் வரும்போது பெரும்பாலும் காற்றாகத்தான் வரும். மானாவாரிச் சோளமும் கம்பும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்த ஊர்களில், பெண் குழந்தைக்கு மழையின் பெயரை வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மாரிக்கு இன்னொரு முகமும் உண்டு. அம்மை நோய்க்கும் அவள்தான் தெய்வம். 'அம்மை போட்டிருக்கு' என்று சொல்லக்கூடப் பயந்து, 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். நேர்ந்துகொண்டு பிழைத்த குழந்தைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. 1977-ல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிசெய்தது. அந்தத் தலைமுறைக்குப் பிறகு மாராத்தாள்கள் குறைந்ததற்கு ஃபேஷன் மட்டும்தான் காரணமா, தடுப்பூசிக்கும் அதில் பங்கு உண்டா என்று யோசிக்க இடமிருக்கிறது.

கொங்குப் பெண் பெயர்களில் இந்த 'ஆத்தாள்' எங்கும் வரும். மாராத்தாள், காளியாத்தாள், செல்லாத்தாள், கருப்பாத்தாள், சின்னாத்தாள். பிறந்த அன்றே ஒரு பெண்ணை 'தாயே' என்று கூப்பிடும் பெயர்கள் இவை. தஞ்சாவூரிலோ நெல்லையிலோ இதே இடத்தில் 'அம்மாள்', 'ஆயி' அதிகம் நிற்கும். ஆகவே ஒரு பெண்ணின் பெயர் ஆத்தாள் என்று முடிந்தால், 'உங்களுக்கு கோயமுத்தூர்ப் பக்கமுங்களா?' என்று தைரியமாகக் கேட்கலாம். பெரும்பாலும் தப்பாது.

பெயரே விலாசம்

ஆண் பெயர்கள் இன்னும் வெளிப்படை. கூகுள் மேப் வருவதற்கு முன்பு கொங்கு நாட்டில் ஆள் பெயரே ஒரு மேப்.

வெள்ளியங்கிரி என்று பெயர் இருந்தால், குடும்பத்தில் யாரோ கோவைக்கு மேற்கே இருக்கும் ஏழு மலை ஏறி வேண்டிக்கொண்டிருப்பார்கள். மருதாசலம் என்றால் மருதமலை. அசலம் என்றால் வடமொழியில் அசையாதது, அதாவது மலை. சென்னியப்பன், சென்னிமலை என்ற பெயர்கள் ஈரோடு மாவட்டச் சென்னிமலையைச் சுற்றிக் கிடைக்கும். சென்னி என்றால் தலை, உச்சி. ரங்கசாமி, ரங்கம்மாள் என்றால் ஸ்ரீரங்கத்தைவிடக் காரமடை பக்கத்தில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாசித் தேர்த் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பண்ணாரி என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. சத்தியமங்கலம் காட்டோரத்து அம்மனுக்கு அதில் பேதம் இல்லை.

அவிநாசியப்பன், அவிநாசிலிங்கம் இரண்டும் அவிநாசிக் கோயிலிலிருந்து வந்தவை. விநாசம் என்றால் அழிவு, அவிநாசி என்றால் அழிவில்லாதது. ஊரின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்ற கதை இந்த ஊரோடுதான் சேர்ந்தது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து, தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வித்திட்ட தி.சு. அவிநாசிலிங்கம் திருப்பூரில் பிறந்தவர். அந்தப் பெயர் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நஞ்சப்பன், நஞ்சம்மாள் என்ற பெயர்களில் 'நஞ்சு' எப்படி வந்தது என்று குழம்புகிறவர்கள் உண்டு. ஆலகால நஞ்சை உண்ட சிவன்தான் நஞ்சுண்டன். அவருக்குப் பெரிய கோயில் இருப்பது மைசூருக்குப் பக்கத்தில், கபினி ஆற்றங்கரை நஞ்சன்கூட்டில். கோவைப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. கணவாய் வழியாகக் கன்னடம் பேசுவோர் வந்துபோவதும் குடியேறுவதும் அதற்கு முன்பிருந்தே வழக்கம். அந்தப் போக்குவரத்தின் தடம்தான் இந்தப் பெயர். கோவை காந்திபுரம் போகிறவர்கள் தினமும் தாண்டும் நஞ்சப்பா ரோட்டிலும் அது இருக்கிறது. அட்டப்பாடி இருளர் பாடகி நஞ்சியம்மா 2022-ல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, இந்தப் பெயரை நாடு முழுக்க உச்சரித்தது.

பழனிசாமியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு காலத்தில் கொங்கு நாட்டுப் பேருந்து நிலையத்தில் நின்று 'பழனிசாமி' என்று கத்தினால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேலி பேசுவார்கள். முருகனைப் பார்த்து 'பழம் நீ' என்று சொன்னதால் பழனி என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அகநானூறு அந்த மலையைப் பொதினி என்கிறது. பொதினிதான் பழனி ஆனது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. இது பெண் பெயராகவும் வரும். 'சதி லீலாவதி' (1995) படத்தில் கமலோடு கொங்குத் தமிழில் மல்லுக்கட்டும் கோவை சரளாவின் பாத்திரத்துக்குப் பெயர் பழனி.

சினிமாவிலிருந்தே இன்னொரு உதாரணம். நடிகர் சிவகுமார் சூலூர் பக்கத்துக் காசிகவுண்டன்புதூரில் 1941-ல் பிறந்தபோது வைத்த பெயர் பழனிசாமி. அவருடைய மூத்த மகனுக்கு வீட்டில் வைத்த பெயர் சரவணன். திரைக்கு வந்தபோது சூர்யா ஆனார். பழனிசாமியும் முருகன்தான், சரவணனும் முருகன்தான். ஆனால் முதல் பெயரில் ஊர் இருக்கிறது, இரண்டாவதில் ஊர் இல்லை. ஒரே தலைமுறையில் தெய்வம் அப்படியே இருக்க, மலை மட்டும் பெயரிலிருந்து இறங்கிவிட்டது. இந்த மாற்றம் அந்த ஒரு வீட்டில் மட்டும் நடந்ததல்ல.

ஆந்தை என்பது பறவையா?

ஊர்ப் பெயரைவிடப் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது. கொங்கு வேளாளர் குலப் பெயர்களில் ஆந்தை, சாத்தந்தை, கீரன், அந்துவன் என்றெல்லாம் உண்டு. ஒரே குலத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள் என்பதால், கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே 'என்ன குலமுங்க?' என்பதுதான்.

ஆந்தை குலம் என்றதும் பலரும் பறவையைத்தான் நினைக்கிறார்கள். காடை குலமும் இருப்பதால் அந்த எண்ணம் வலுப்படுகிறது. ஆனால் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஒரு புணர்ச்சி விதி இருக்கிறது. ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ஆந்தை ஆகும். ஆதனின் தந்தை என்று பொருள். இதே போலச் சாத்தன் தந்தை, சாத்தந்தை. மகன் பெயரால் தகப்பனைக் குறிக்கும் வழக்கம் அது. இன்றைக்கும் கிராமத்தில் 'கண்ணனப்பா', 'செல்வியப்பா' என்று கூப்பிடுகிறோமே, அதன் பழைய வடிவம். மொழி வழியாகப் பார்த்தால், ஆந்தை குலத்துக்குப் பறவையைவிட இந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

ஆதன் யார்? சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985-லிருந்து நடந்த அகழாய்வுகளில், தமிழ் பிராமி எழுத்தில் ஆள் பெயர் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆதன் என்ற பெயர் அவற்றில் உண்டு. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் வரும் சேர அரசர் பெயரிலும் ஆதன் இருக்கிறது. அந்துவன் என்பதும் சேரர் பெயர்தான். அந்துவஞ்சேரல் இரும்பொறை சங்க காலத்தவர். தன் பானை களவு போகக்கூடாது என்று ஒருவர் 2,000 ஆண்டுகளுக்கு முன் கீறிவைத்த பெயர், இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் விசாரிக்கும் குலப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை

குப்புசாமி, குப்பாத்தாள், குப்பண்ணன் என்ற பெயர்களைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்கள் அநேகர். கேலிக்கு ஆளான பலர் பெயரை மாற்றிக்கொண்டதும் உண்டு. ஆனால் இந்தப் பெயர் கேலிக்குப் பிறந்தது அல்ல. அழுகைக்குப் பிறந்தது.

ஒரு தாய்க்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்து இறந்துபோனால், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பை மேட்டில் ஒரு நொடி கிடத்தி, பிறகு எடுத்துக்கொள்வார்கள். 'இது எங்களுக்கு வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது' என்று எமனை ஏமாற்றும் வித்தை. சில வீடுகளில் குழந்தையை உறவுக்காரரிடம் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். பிச்சை, பிச்சமுத்து என்ற பெயர்களும் இந்த வகைதான்: பிச்சையாகக் கிடைத்த பிள்ளை. கண்ணேறு படாமல் இருக்க, அழகான குழந்தைக்கு அழகில்லாத பெயர். குப்பாத்தாள் என்ற பெயரைக் கேட்டால், அவருக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன அண்ணனோ அக்காவோ இருந்திருக்கலாம் என்று புரிந்துகொள்ளலாம். அந்தக் குழந்தைகளுக்கு வேறு எந்தப் பதிவும் இல்லை.

போதும்பொண்ணு என்ற பெயரில் அந்தக் கருணை இல்லை. நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது, இனிப் போதும் என்று தெய்வத்துக்குச் சொல்லும் மனு அது. அதைச் சுமந்தவளிடம் யாரும் கேட்கவில்லை. பழைய பெயர் என்பதற்காக எல்லாவற்றையும் கொண்டாட முடியாது.

பேரன் என்றால் பெயரன்

தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததுதான். பெயரன்: பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி, பெயர்த்தி. கலித்தொகையிலேயே 'பெயரன்' இந்தப் பொருளில் வருகிறது. கொங்கு நாட்டில் இது சென்ற தலைமுறை வரை நடைமுறையாகவே இருந்தது. மூத்த பேரனுக்கு அப்பாரு பெயர். அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற அப்புச்சி பெயர். பெண் குழந்தைக்கு ஆத்தா பெயர், அல்லது அம்மாயி பெயர். கூப்பிடும் முறை ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்களில் அப்பத்தா, சில ஊர்களில் அம்மிச்சி.

இதன் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய பத்திரங்களைப் புரட்ட வேண்டும். பழனிசாமி மகன் ராமசாமி. ராமசாமி மகன் பழனிசாமி. பழனிசாமி மகன் ராமசாமி. இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்து, சிட்டாவில் இருப்பது தாத்தாவா பேரனா என்று சார்-பதிவாளர் அலுவலக வாசலில் சொந்தக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

வீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. புருஷன் பெயரையும் சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் 'வீட்டுக்காரர் பேரு என்னங்க?' என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து 'நீ சொல்லு கண்ணு' என்று ஒதுங்கிக்கொள்ளும் பெண்களை இன்றைக்கும் பார்க்கலாம். அப்படியிருக்க, மாமனார் பெயர் கொண்ட மகனை 'டேய் ராமசாமி' என்று எப்படி அதட்டுவது? ஆகவே குழந்தைக்கு இரண்டு பெயர். பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று. பையனுக்குக் கண்ணு, சாமி, தம்பி. பெண்ணுக்கு அம்மிணி, பாப்பா, மயிலாள். கொங்குத் தமிழின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'அம்மிணி'யில் அன்பு மட்டும் இல்லை. சொல்லக்கூடாத ஒரு பெயரைச் சுற்றிப் போகும் வழியும் அது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இதே அம்மிணி, மலையாளப் பெண்களுக்கு முறையான பெயராகவே இருக்கிறது.

வீட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று

இரண்டு பெயரோடு வாழ்வது எல்லா இடத்திலும் இப்படிப் பாசத்தால் வருவதில்லை. 2022 செப்டம்பரில் ஈரானில் காவலில் இருந்தபோது இறந்த மஹ்சா அமினியை உலகம் அந்தப் பெயரில்தான் அறிந்தது. அது அரசு ஆவணத்தில் இருந்த பெயர். குர்து இனத்தைச் சேர்ந்த அவரை வீட்டில் அழைத்த பெயர் ஜினா. குர்து மொழியில் 'ஜியான்' என்றால் வாழ்க்கை. ஜினா அதோடு சேர்ந்த சொல். அவர் இறந்தபின் தெருவில் ஒலித்த 'ஜின், ஜியான், ஆசாதி' (பெண், வாழ்வு, விடுதலை) என்ற முழக்கமும் குர்து மொழியிலிருந்து வந்ததுதான். 'ஆசாத்' நமக்கும் புதிதல்ல, உருது வழியாக இங்கே வந்து சந்திரசேகர ஆசாத் வரை நின்ற சொல்.

துருக்கி, ஈரான், இராக், சிரியா என நாலு நாடுகளில் பிரிந்து கிடக்கும் குர்துகளின் பெயர்கள் நம் கிராமத்துப் பெயர்களைப் போலவே நேரடியானவை. பெரிவான் என்றால் பால் கறக்கும் பெண். ரோஜ் என்றால் பகல், சூரியன். ஹேவி என்றால் நம்பிக்கை. ஆனால் துருக்கியில் 1928-ல் கொண்டுவந்த எழுத்து முறையில் கியூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகள் இல்லை. குர்து மொழியை எழுத அந்த மூன்றும் வேண்டும். அவை உள்ள பெயர்களைப் பதிவேட்டில் அப்படியே எழுத முடியாமல் பல பத்தாண்டுகள் போயின. அந்த எழுத்துகள் மீதான தடையை நீக்குவதாக அரசு அறிவித்தது 2013-ல்தான். அங்கே தாத்தா பெயரை வைக்கக் குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. இங்கே யாரும் தடுக்கவில்லை, நாமாகவே விட்டுவிட்டோம்.

சாமி யாருக்குச் சொந்தம்?

நாமாகவே விட்டோம் என்று சொல்லும்போது, அந்த 'நாம்' யார் என்றும் கேட்க வேண்டும். இந்தப் பெயர்க் கதையில் ஏக்கத்தோடு பேச முடியாத பகுதி இது.

பழனிசாமி, ராமசாமி, ரங்கசாமி என்ற பெயர்களில் வரும் சாமி, 'உடையவர், தலைவர்' என்ற பொருள்கொண்ட வடசொல்லின் தமிழ் வடிவம். காட்டு வேலை செய்த தலித் மக்கள் நிலக்காரரைக் கூப்பிட்ட சொல்லும் அதுதான்: 'சாமி', 'பண்ணாடி'. அந்த மக்கள் தங்கள் பிள்ளைக்கு ராமசாமி என்று பெயர் வைத்தாலும், ஊருக்குள் அவன் ராமன்தான். சுப்பிரமணி, சுப்பன். பெயரின் பின்பாதி மரியாதை. அது அவர்களுக்கு இல்லை.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலைப் படித்தவர்களுக்கு அதில் வரும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் பெயர்கள் மறக்காது. கூளையன், நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி. குட்டை, நெட்டை, கால் ஊனம், வயிறு, காது. உடம்பைப் பார்த்து மற்றவர்கள் ஒட்டிய பெயர்கள். கொங்கு வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவரும் இதே எழுத்தாளர் என்பதால், எந்தச் சொல் யார் வாயில் எப்படி ஒலிக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

ஆகவே தாத்தா கருப்பன், அப்பா சுப்பன், மகன் சதீஷ்குமார் என்று மாறிய ஒரு குடும்பத்தைப் பார்த்து, 'பாரம்பரியப் பேரை விட்டுட்டாங்களே' என்று வருந்துவது அபத்தம். அந்த வீட்டில் 'குமார்' என்ற பின்னொட்டு ஒரு வெற்றி. சதீஷ்குமாரை எந்தப் பண்ணாடியும் பாதியாக வெட்டிக் கூப்பிட முடியாது.

சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கும் இயக்கத்துக்கும் இந்த மண்ணோடு உறவு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குத் தலைமகன் ஈரோட்டு ராமசாமி நாயக்கர். பிறகு வெறும் ஈ.வெ. ராமசாமி. (பெயரில் சாமி ஒட்டிக்கொண்டே இருந்ததைப் பற்றி எதிராளிகள் கேலி செய்வது தனிக் கதை.) திராவிட இயக்கம் வளர்ந்தபோது பிள்ளைகளின் பெயர்களும் மாறின. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் 1958-ல் பிறந்த விண்வெளி அறிவியலாளரின் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்: மயில்சாமி அண்ணாதுரை. அப்பா பெயரில் முருகனின் மயில். மகன் பெயர், தமிழ்நாடெங்கும் அண்ணாதுரைகள் பிறந்துகொண்டிருந்த காலத்தின் பெயர்.

மேம்பாலத்தில் ஒரு நாயுடு

ஆள் பெயரில் போன சாதி, ஊர்ப் பெயரில் போகவில்லை. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி ரோட்டில் 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்தபோது, அதற்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். தெரு, ஊர்ப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணை வந்ததும் அதே சமயம்தான். 'ஆணைக்கும் பலகைக்கும் பொருந்தவில்லையே' என்று விவாதம் கிளம்பியது. சூலூர் அருகே கலங்கலில் 1893-ல் பிறந்த கோபால்சாமி துரைசாமி நாயுடுவை, 'ஜி.டி.' என்று மட்டும் சொன்னால் யாருக்குத் தெரியும் என்பது ஒரு தரப்பு. தெரிய வைப்பதுதானே வேலை என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் ஆர்.எஸ். புரத்தை எல்லோரும் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். அது இரத்தினசபாபதி முதலியார் பெயரில் எழுந்த பகுதி. 'முதலியார்' இல்லாமலே அந்த இடம் நிலைத்துவிட்டது, ஆனால் இரத்தினசபாபதியையும் பலர் மறந்துவிட்டார்கள். இன்ஷியலுக்குள் மறைத்தால் சாதியோடு ஆளும் போய்விடுகிறார்.

மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் பீளமேடு எந்த ஆளின் பெயரிலும் இல்லை. அது பூளைமேடு. தைப் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கட்டும் வெள்ளைப் பூளைப்பூ பூத்துக் கிடந்த மேடு. இன்றைக்கு அங்கே ஐடி பார்க்கும் விமான நிலையமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பூளைப்பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தையும் ஒரு முறை மாற்றிப் பார்த்தார்கள். 2020 ஜூனில், தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்குக் கிடைத்த புது ஸ்பெல்லிங்கைப் பார்த்து, 'இத்தனை எழுத்தை எந்த ஃபார்ம்ல அடைக்கறது?' என்று சமூக வலைதளங்களில் சிரிப்பு. சில நாள்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

சான்றிதழில் ஏறும் முன்

ஆள் பெயரில் அப்படிச் சுலபமாகத் திரும்பப் பெற முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். முன்பு ஒரு பெயரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வைத்த இன்னொரு பெயரில் வளர்ந்து, பத்திரத்தில் மூன்றாவதாக ஒரு ஸ்பெல்லிங்கோடு காலம் தள்ளியவர்கள் உண்டு. இனி அது முடியாது. மாற்ற வேண்டும் என்றால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஒவ்வோர் ஆவணமாக ஏறி இறங்க வேண்டும்.

அதே சமயம் அவசரமும் இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம் இது: குழந்தையின் பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை சேர்க்கலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி பெயரோடு இன்ஷியலையும் தமிழிலேயே எழுதலாம்.

நடுவழி ஒன்றைப் பல வீடுகளில் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். சான்றிதழுக்கு ஆப்பில் தேடிய பெயர். குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தும்போது, பூசாரி காதில் மூன்று முறை சொல்வதற்கு ஆத்தாவின் பெயர். அந்த ஒரு நாள் மட்டும் குழந்தை மாராத்தாள். அன்றைக்கு ஆத்தா சிரிப்பதில்லை, மூக்குத்திக்குக் கீழே உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.